‘ஓரியண்டல்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

நண்பர்களுக்கு வணக்கம். நூறாண்டுக்கு முந்தைய ஆங்கிலப் பயணக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில், கடையில் விரித்திருந்த கம்பளமும் ‘ஓரியண்டல்’, அதை விற்ற முதியவரும் ‘ஓரியண்டல்’. மூன்று நாளாக அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

சூரியன் உதிக்கும் திசையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. வேரில் குற்றமில்லை. ஆனால் ஐரோப்பாவை நடுவில் வைத்து, துருக்கி முதல் ஜப்பான் வரை எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டியதும் இந்தச் சொல்தான். ஆங்கிலத்தில் கம்பளத்துக்கு இன்றும் வழங்குகிறது. மனிதரைச் சொன்னால் புண்படுத்தும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களில் இருந்த இச்சொல்லை 2016-இல் நீக்கி ‘ஆசிய அமெரிக்கர்’ என்று மாற்றினார்கள்.

தமிழில் இன்னொரு சிக்கல். சென்னையிலுள்ள கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் பெயரில் ‘கீழ்’ கம்பீரமாகவே நிற்கிறது. அதே சொல்லை முதியவருக்குப் போட்டுக் ‘கீழ்நாட்டான்’ என்று எழுதினால், திசை மறைந்து தாழ்வுதான் காதில் விழுகிறது. மூலத்தின் இளக்காரத்தை நானே இரட்டிப்பாக்கியது போல் உறுத்துகிறது. ‘ஆசியர்’ என்று எழுதினாலோ, அந்த எழுத்தாளரின் பார்வைக்கு நான் வெள்ளையடித்துவிடுகிறேன்.

கம்பளத்துக்குக் ‘கீழைநாட்டுக் கம்பளம்’ என்று முடிவு செய்துவிட்டேன். முதியவரை என்னவென்று அழைப்பது? ‘ஓரியண்டல்’ என்றே விட்டு அடிக்குறிப்புத் தந்தால் வாசிப்பு தடைபடுமா? பழைய நூல்களை மொழிபெயர்த்த அனுபவமுள்ளவர்கள் நீங்கள் கையாண்ட சொல்லைச் சொல்லுங்கள், தயவுசெய்து.