வேர்டில் ‘வரைவு’ வாட்டர்மார்க் முழுசாகப் போகமாட்டேங்குது

ஏப்ரல் தமிழ்மொழி மாதத்துக்கு சிங்கப்பூரில் பிடோக் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து போடும் மலர், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகணும். வேர்டு 2019, விண்டோஸ் 11. பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே சாம்பல் நிறத்தில் ‘வரைவு’ நிற்குது. போன வாரம் பிழை திருத்தும்போது போட்டது.

டிசைன் டேபில் ‘ரிமூவ் வாட்டர்மார்க்’ கொடுத்தால் கர்சர் இருக்கும் செக்‌ஷனில் மட்டும்தான் போகுது. எங்களுக்கோ, பக்கத்தின் மேலே ஹெடரில் அவரவர் பெயரோடு, கட்டுரைக்கு ஒரு செக்‌ஷன். ஹெடரைத் திறந்து அந்த எழுத்தைக் கிளிக் பண்ணி டிலீட் அடித்தாலும் அதே கதை. ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ போட்டுப் பார்த்தேன், எல்லா ஹெடரிலும் முதல் கட்டுரையாளர் பெயரே வந்து உட்கார்ந்துகொண்டது (அன்டூ வாழ்க!). பிடிஎஃப் ஆக்கினாலும் ‘வரைவு’ கூடவே வருது.

ஹெடரில் உள்ள பெயர்களைத் தொடாமல், எல்லா செக்‌ஷனிலும் வாட்டர்மார்க்கை மட்டும் ஒரே தடவையில் தூக்க மேக்ரோ (தானாகச் செய்து முடிக்கும் சிறு நிரல்) ஏதும் இருக்கா?