25 பேஸ் டெலிஷன்: ஜெல்லில் மூன்றாவது பேண்ட், ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

பிபெட்முனை:
இதயத்தசை தடித்த (ஹெச்சிஎம்) நோயாளி ஒருவரின் சாம்பிள். இதயத்தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 ஜீனின் இன்ட்ரான் 32-இல் (புரதமாக மாறாத இடைப்பகுதி) இருக்கும் 25 பேஸ் டெலிஷனுக்கு (25 டிஎன்ஏ எழுத்து விடுபட்டிருப்பது) பிசிஆர் போட்டு, அதாவது அந்தப் பகுதியைப் பெருக்கி, 2% அகரோஸ் ஜெல்லில் ஓட்டினோம். எதிர்பார்த்த இரண்டு பேண்டுக்கும் (நீளத்துக்கேற்பப் பிரியும் டிஎன்ஏ கோடுகள்) மேலே மங்கலாக இன்னொன்று. கண்டாமினேஷனா? ஹெட்டரோசைகஸ் (ஜீனின் இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் டெலிஷன்) என்றே வைத்துக்கொண்டாலும், நோய்க்குக் காரணம் இதுதான் என்று எழுதலாமா? எக்ஸோம் (ஜீன்களின் புரதத்துக்கான பகுதிகளை வாசிக்கும் சோதனை) ரிப்போர்ட்டில் வேறு எதுவும் இல்லை.

வரிசைவாசி:
அது ஹெட்டரோடூப்ளெக்ஸ், அதாவது முழுதாகப் பொருந்தாத இரு இழைகளின் ஜோடி. கடைசிச் சுற்றுகளில் ப்ரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ) குறையக் குறைய, நீள இழையும் குட்டை இழையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஜோடி இல்லாத 25 பேஸ் புடைத்து நிற்பதால் மெதுவாகத்தான் நகரும்.

சந்தேகம் இருந்தால் நார்மல் ஹோமோ (இரு பிரதியும் நார்மல்), டெலிஷன் ஹோமோ (இரண்டிலும் டெலிஷன்) இரண்டின் பிசிஆர் புராடக்டையும் சம அளவு கலந்து, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, மெதுவாக ஆறவிட்டு ஓட்டுங்கள். அதே உயரத்தில் பேண்ட் வந்துவிடும். டெலிஷன் ஹோமோ கையில் இல்லையென்றால், குட்டை பேண்டை ஜெல்லிலிருந்து வெட்டி மறுபடி பெருக்கிக்கொள்ளலாம். வாட்டர் கண்ட்ரோலிலும் பேண்ட் வந்தால்தான் கண்டாமினேஷன் பேச்சு.

2% போதாது. புராடக்ட் 200 பேஸ் அளவில் இருக்கும்படி ப்ரைமர் வைத்து 3% அகரோஸ் அல்லது 8% பாலிஅக்ரிலமைடில் ஓட்டுங்கள். 500-ஐத் தாண்டினால் 25 பேஸ் வித்தியாசத்தைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம். ரத்தம் ஈடிடிஏ குழாயில் வரட்டும், ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும். சாங்கர் சீக்வென்சிங்கில் (டிஎன்ஏவை எழுத்தெழுத்தாக வாசிக்கும் முறை) டெலிஷன் தொடங்கும் இடத்திலிருந்து பீக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மோசமான ரன் என்று தூக்கிப் போடாமல் இரு முனையிலிருந்தும் வாசியுங்கள்.

தசைநார்:
இரண்டாவது கேள்விக்கு: எழுதாதீர்கள். 2009-இல் நேச்சர் ஜெனெடிக்ஸில் வந்த ஆய்வு, இந்த டெலிஷனால் எக்ஸான் 33 (புரதத்துக்கான பகுதிகளில் ஒன்று) விடுபட்டுப் புரதத்தின் சி10 பகுதி மாறுகிறது என்றும், இதயச் செயலிழப்போடு தொடர்பு இருக்கிறது என்றும் காட்டியது. ஆனால் இந்தியாவில் சுமார் 4% பேரிடம் இது இருக்கிறது. பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள்.

2020-இல் படம் மாறியது. டெலிஷன் உள்ள குரோமோசோம்களில் சிலவற்றில் மட்டும் அதே ஜீனில் சி.1224-52 ஜி>ஏ என்ற மாற்றமும் கூடவே வருகிறது. ஹெச்சிஎம் அபாயம் அதன்மேல்தான் விழுகிறது, டெலிஷன் பெரும்பாலும் கூட வந்த பயணி. அது எக்ஸான் எல்லையிலிருந்து 52 பேஸ் தள்ளி இன்ட்ரானுக்குள்ளே இருப்பதால், 10, 20 பேஸ் வரை மட்டுமே வைத்துக்கொள்ளும் பைப்லைன் (எக்ஸோம் தரவை அலசும் மென்பொருள் வரிசை) அதை வடிகட்டிவிடும். உங்கள் 'எதுவும் இல்லை'யை நம்புவதற்கு முன் பாம் ஃபைலை (ரீட் எனும் வாசிப்புத் துண்டுகள் அடங்கியது) ஐஜிவி என்ற பார்வை மென்பொருளில் திறந்து, அந்த இடத்தில் ரீட் ஏதாவது விழுந்திருக்கிறதா பாருங்கள். போதாவிட்டால் சாங்கர்.

பிபெட்முனை:
நோயாளியின் தம்பிக்கு டெலிஷன் இல்லை. அவரை விட்டுவிடலாமா?

தசைநார்:
கூடாது. காரணமே தெரியாதபோது இந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஈசிஜியும் எக்கோவும் தேவை. சிறுவர்களுக்கு 1–3 ஆண்டுக்கு ஒருமுறை, பெரியவர்களுக்கு 3–5 ஆண்டுக்கு ஒருமுறை. அண்ணனிடம் -52 (மேலே சொன்ன சி.1224-52 மாற்றம்) உறுதியானால் மட்டும் தம்பிக்கு அதைச் சோதித்து, இல்லையென்றால் விடுவிக்கலாம்.

வரிசைவாசி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: -52-க்குத் தனி ப்ரைமர் வேண்டும். டெலிஷனிலிருந்து அது பல ஆயிரம் பேஸ் தள்ளி இருக்கிறது. இரண்டும் ஒரே குரோமோசோமில்தானா என்பதை ஜெல் சொல்லாது, பெற்றோர் சாம்பிளும் வாங்கிவிடுங்கள்.