புதுப்பிப்பு: 18 வயதில் முதல் கார், 2 லட்சம் பட்ஜெட் – வாங்கியாச்சு

முதல் காராகப் பழைய மாருதி ஆல்டோ 800 வாங்கலாமா, ஆல்டோ கே10 வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 2014 கே10 எடுத்தாச்சு, 1.95 லட்சம். 800-இல் டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் ரப்பர் பட்டை), கே10-இல் அதே வேலைக்குச் செயின். பெல்ட் மாற்றும் செலவு மிச்சம் என்ற யோசனைதான் கைகொடுத்தது. இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னதும் சரி: முதலில் பார்த்த வண்டி நீலப்புகை விட்டது, அதாவது ஆயில் எரிகிறது.

எதிர்பாராதது ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று). பழைய ஓனர் கடன் அடைத்தும், அதில் ஹைப்பாதிகேஷன் (வண்டி வங்கிக் கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு) நீக்கப்படவில்லை. வங்கியின் என்ஓசி (தடையில்லாச் சான்று), படிவம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகே படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்ற முடிந்தது. அட்வான்ஸ் தருமுன் பரிவாகனில் (அரசின் வாகனப் பதிவு இணையதளம்) இதைப் பாருங்கள்.

டயரில் 2317 என்றிருந்தால் 2017-இன் 23-வது வாரம். நாலு டயரும் பழசு என்று காட்டியதில் விலையில் 12 ஆயிரம் குறைந்தது. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியம் தள்ளுபடி) நமக்கு வராது.