ஒரே ஒரு சாவுக்கு 4 கோடி ஊசியா?

கரிசல்: "கொள்ளைநோய்க்கு முன்னேற்பாடு என்றால் 1976இல் அமெரிக்கா செய்ததுதான்" என்று நேற்று நெய்தல் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நியூ ஜெர்சி ஃபோர்ட் டிக்ஸ் முகாமில் பன்றிக் காய்ச்சலால் இறந்தது ஒரே ஒரு சிப்பாய். அதற்காக 4 கோடிப் பேருக்கு மேல் ஊசி. கொள்ளைநோய் வரவே இல்லை, ஊசி போட்டவர்களில் சிலருக்குக் கில்லன் பாரே நரம்பு நோய்தான் வந்தது. அக்டோபரில் தொடங்கியதை டிசம்பரில் நிறுத்தினார்கள்.

நெய்தல்: செத்தது ஒருவர், சரி. முகாமில் 200 பேருக்கு மேல் தொற்றியிருந்ததை ரத்தப் பரிசோதனை காட்டியதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஆளுக்கு ஆள் பரவிய புது வைரஸ். 1918 ஃப்ளூ கொள்ளைநோயைப் பார்த்தவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். கில்லன் பாரே கூடுதலாக வந்தது ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்கு.

கரிசல்: 200 பேரும் முகாமுக்குள். வெளியே யாருக்குப் பரவியது? ஒரே ஒரு சாவு.

மருந்துக்கடை: தயாரிப்பது வேறு, போடுவது வேறு. முதலில் ஆதரித்த ஆல்பர்ட் சாபினே (போலியோ சொட்டு மருந்தை உருவாக்கியவர்), பின்னால் "செய்து கிடங்கில் வையுங்கள், பரவினால் போடலாம்" என்ற பக்கம் போனார்.

நெய்தல்: ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வரவே இரண்டு வாரம். 2009 பன்றிக் காய்ச்சலைப் பாருங்கள். ஜூன் 11இல் உலக சுகாதார நிறுவனம் கொள்ளைநோய் என்று அறிவித்தது. வைரஸைக் கோழிமுட்டையில் வளர்த்து ஊசி வர அமெரிக்காவில் அக்டோபர் ஆனது. இரண்டாம் அலையும் அந்த மாதமே உச்சத்தில்.

கரிசல்: உடனே 2009க்குத் தாவல். போன மாதம் நிலவேம்பு விவாதத்திலும் இதே வேலைதான் பார்த்தீர்கள்.

நெய்தல்: நிலவேம்புக்குச் சான்று கேட்டேன். இன்னும் தரவில்லை.

வைகைக்கரை: 1957ஐ மறக்காதீர்கள். ஹாங்காங்கில் ஃப்ளூ பரவும் செய்தியை நாளிதழில் படித்ததும் அமெரிக்கத் தடுப்பூசி விஞ்ஞானி மாரிஸ் ஹில்லெமன் வைரஸை வரவழைத்தார். ஊசி செய்யக் கருவுற்ற முட்டை வேண்டும், சேவல்களைக் கொல்லாதீர்கள் என்று பண்ணைகளுக்கு முன்பே சொல்லிவைத்தார். அதுதான் முன்னேற்பாடு.

கரிசல்: அங்கே நோய் நிஜமாகவே பரவியது ஐயா! 1976இல் ஊசி தயாரித்தவர்களுக்குக் காப்பீட்டுக் கம்பெனிகளே கைவிரித்தன. இழப்பீட்டுப் பொறுப்பை அரசே ஏற்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

நெய்தல்: அது வழக்குப் பயம். ஊசியில் குறை என்று யார் சொன்னது?

கரிசல்: பேச்சை மாற்றாதீர்கள். முகாமுக்கு வெளியே யாருக்குப் பரவியது? ஒரு பெயர் சொல்லுங்கள்.

நெய்தல்: நிலவேம்புச் சான்று முதலில் வரட்டும்.