அம்மா விட்டுக்கொடுத்ததைப் பற்றி அவரிடமே கேட்கலாமா?

மூத்தமகள்:
நண்பர்களுக்கு வணக்கம். வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அம்மாவின் பழைய கணக்கு நோட்டுகள் கிடைத்தன. வரவு செலவை அவர் எழுதிவைப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அவற்றை யாரும் பிரித்துப் படித்ததில்லை. அப்பாவின் செருப்பு, தம்பியின் பள்ளிக் கட்டணம், எனக்கு வாங்கிய ஜியாமெட்ரி பாக்ஸ், பாட்டியின் மருந்து என்று வீட்டில் எல்லாருக்கும் வரிகள் இருக்கின்றன. அம்மாவுக்கென்று இருப்பது 'கண்ணாடி மாற்ற வேண்டும்' என்ற ஒரு வரிதான். அதற்கு நேரே தொகை எழுதாமல் 'அடுத்த மாதம்' என்று எழுதியிருக்கிறார். அடுத்த மாதப் பக்கத்திலும் அதே வரி, அதே 'அடுத்த மாதம்', இப்படியே பல பக்கங்கள். அந்த நாள்களில் ஊசியில் நூல் கோக்க எங்களைத்தான் கூப்பிடுவார். நாங்களும் போட்டி போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கோத்துக் கொடுப்போம்.

ஒரு நோட்டின் அட்டைக்குள், ஆசிரியர் பயிற்சியில் அவருக்கு இடம் கிடைத்ததைத் தெரிவிக்கும் கடிதமும் இருந்தது. அதிலுள்ள தேதி, தம்பி பிறந்த ஆண்டைச் சேர்ந்தது. இதைப் பற்றி அவர் இன்றுவரை வாய் திறந்ததில்லை. இப்போது நான் கேட்டால் ஆறிப்போனதைக் கிளறியதாகிவிடுமோ என்று தயங்குகிறேன். கேட்காமல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை. உங்களில் யாரேனும் பெற்றோரிடம் இப்படிக் கேட்டதுண்டா?

பழையபேனா:
கேளுங்கள் என்றே சொல்வேன், ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். 'எங்களுக்காக இதையெல்லாம் விட்டுவிட்டீர்களே' என்று கண்ணீரோடு தொடங்கினால், அவர் உடனே உங்களைத் தேற்றுகிற வேலையில் இறங்கிவிடுவார். ஆயுள் முழுக்க அதைத்தானே செய்திருக்கிறார். கடிதத்தை அவர் கையில் கொடுத்து, எந்தப் பாடம் நடத்த ஆசைப்பட்டார், யாரைப் பார்த்து அந்த ஆசை வந்தது என்று கேளுங்கள். தாமே எடுத்த முடிவா, வேறு வழியில்லாமல் விட்டதா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதை நாம் முன்கூட்டியே தியாகம் என்று தீர்மானித்துவிட்டால், அவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பது நல்லது.

எண்ணும்எழுத்தும்:
அந்த நோட்டில் உங்கள் அம்மாவின் செலவு மட்டுமன்று, உழைப்பும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நாடுகளின் கணக்கிலும் இதே கதைதான். வீட்டாருக்காகச் சமைப்பதும் துவைப்பதும் நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்வதில்லை. அதே வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தால் சேர்ந்துவிடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஊதியமில்லாத பராமரிப்பு வேலைக்கு, கணக்கெடுப்புத் தரவு கிடைத்த 64 நாடுகளில் மட்டும் ஒரு நாளில் செலவாகும் நேரம் 1,640 கோடி மணி. சம்பளமே வாங்காமல் 200 கோடிப் பேர் நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைப்பதற்கு இது சமம். இதில் 76.2 விழுக்காடு பெண்களின் உழைப்பு.

அந்தக் கடிதம் வீணாயிற்று என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1970 முதல் 2009 வரை 175 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, அக்காலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு குறைந்ததில் ஏறத்தாழப் பாதிக்குப் பெண்களின் கல்வி பெருகியதே காரணம் என்று கணித்தது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை எப்போது மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று தெரிந்திருப்பதும் படிப்பின் பலன்தான். உங்கள் அம்மாவின் படிப்பு வகுப்பறைக்குப் போகாமல் உங்கள் வீட்டுக்குள்ளேயே செலவாகியிருக்கிறது. அது போதும் என்று சொல்ல நான் யார்? ஆனால் நீங்கள் அவரிடம் பேசும்போது இதையும் சொல்லலாம்.

இரண்டாம்பிள்ளை:
மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை, ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தாயின் செல்வாக்கு நல்லதை மட்டுமே விட்டுச்செல்வதில்லை. எங்கள் அம்மா தம் வலியைக் கடைசிவரை மறைத்தே வாழ்ந்தார். ஊரும் உறவும் அவரை மெச்சின. இன்று என் அக்கா முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி இறங்குகிறார். சிகிச்சைக்குப் போகலாம் என்றால் 'பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்' என்கிறார். இதை அவருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பழகிக்கொண்டார். ஆகவே, மூத்தமகள், அம்மாவின் நோட்டைப் படித்த கையோடு, உங்கள் வீட்டில் இன்று 'அடுத்த மாதம்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர் யார் என்றும் பாருங்கள். அது நீங்களாகவே இருக்கலாம்.

மூத்தமகள்:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் கேட்டேன். கடிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மா சொன்னது இதுதான்: "உன் தம்பிக்கு அப்போ அடிக்கடி மூச்சு வாங்கும். போக வேண்டாம்னு என்னை யாரும் சொல்லலை. நாங்க பாத்துக்கறோம், நீ போன்னும் யாரும் சொல்லலை."

ஈடாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் பேச்செடுத்தபோது, பொருள் எதுவும் வேண்டாம் என்றார். வாரத்தில் ஒரு நாள் அப்பாவின் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொள்ள வேண்டும், அன்று தம்மை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது என்றார். தம்பி உடனே ஒப்புக்கொண்டான். சிக்கல் என்னவென்றால், அம்மா கையால் கொடுத்தால்தான் அப்பா மாத்திரை போட்டுக்கொள்வார். வேறு யார் கொடுத்தாலும் 'அவள் எங்கே' என்று தேடுகிறார். வயதானவர்களை இன்னொருவரின் கவனிப்புக்கு மெல்லப் பழக்கிய அனுபவம் உள்ளவர்கள், முதல் சில வாரங்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.