வழுக்கையாறு ஆறா, வாய்க்காலா? அந்த ரீல் பற்றி ஒரு கேள்வி

அளவெட்டியான்:
நேற்று வட்ஸ்அப்பில் நாலு குழுவிலிருந்து ஒரே ரீல் வந்து விழுந்தது. கந்தரோடைப் பக்கம் ஒரு மதகில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கீழே ஆகாயத்தாமரை, சொப்பிங் பை, உடைந்த போத்தில். 'யாழ்ப்பாணத்தின் ஒரே ஆறு செத்துக்கொண்டிருக்கிறது' என்கிறது பிள்ளை. அதைப் பகிர்ந்த பெரிய மனுஷர் ஒருவர், 'சமூக ஊடகம் இல்லாவிட்டால் காலநிலைக்காகப் பேசும் இளையோரின் குரல் எங்கே கேட்கும்? எல்லாரும் பகிருங்கோ' என்று எழுதியிருக்கிறார். பகிரலாம். அதுக்கு முதல் ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்தில் ஆறு எங்கே இருக்கிறது? நான் பிறந்து வளர்ந்தது அளவெட்டி. கோடையில் அந்த வாய்க்காலுக்குள் கிளித்தட்டு விளையாடியிருக்கிறோம். ஆற்றுக்குள் யாராவது கிளித்தட்டு விளையாடுவார்களா?

மதகடி:
அந்தப் பெரிய மனுஷர் நான்தான். நிற்கிற பிள்ளை என்னுடைய பெறாமகள். வழுக்கையாறு என்று பெயரிலேயே ஆறு இருக்கிறது அண்ணை. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று வயலுக்குள்ளால் போய் அராலியில் கடலேரியில் விழுகிறது. மாரிக்கு ஓடும், கோடைக்குக் காயும். அது வேறு கதை. நான் சொன்னது குரலைப் பற்றி. 2018 ஓகஸ்ட் 20ஆம் திகதி கிரெட்டா துன்பர்க் சுவீடன் பாராளுமன்றத்துக்கு முன்னால் காலநிலைக்காக எழுதிய மட்டையோடு இருந்தபோது அவவுக்கு 15 வயது. முதல் நாள் தனிய. படம் இணையத்தில் போனது, அடுத்த நாள் பக்கத்தில் ஆட்கள். ஒரு வருஷத்தில் உலகம் முழுக்கப் பிள்ளைகள் வீதியில். போன் இல்லாமல் இது நடந்திருக்குமா?

அளவெட்டியான்:
'மாரிக்கு ஓடும், கோடைக்குக் காயும்.' நன்றி. நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். எங்கட வீட்டுத் தாழ்வாரத்திலும் மாரிக்கு ஓடும். அதையும் ஆறு என்று ரீல் போடட்டோ?

கிரெட்டா ஒரு தேர்தலுக்கு முன் மூன்று கிழமை வெயில் மழை பார்க்காமல் உட்கார்ந்தவ. உங்கட பெறாமகள் 40 விநாடி. அதிலும் 10 விநாடி பாட்டு.

சங்குவேலிச் சின்னவன்:
அண்ணை, அப்ப தொண்டைமானாறு ஆறா? அது வடமராட்சிக் கடல்நீரேரியின் வாய். கருணாகரத் தொண்டைமான் வெட்டினது என்று சொல்வார்கள். வெட்டினதென்றால் வாய்க்கால். ஆனாலும் 'தொண்டைமான்வாய்க்கால் முருகனிட்ட போயிட்டு வாறன்' என்று ஒருத்தரும் சொல்வதில்லையே.

அளவெட்டியான்:
சந்நிதி முருகனை இதுக்குள் இழுக்க வேண்டாம் தம்பி. ஆறு பார்க்க ஆசையென்றால் வன்னிக்குப் போய்க் கனகராயன் ஆற்றைப் பாரும். இரணைமடுக் குளத்தை நிரப்புகிற ஆறு. இங்கே உள்ளது சுண்ணக்கல். பெய்கிற மழை கீழே இறங்கிக் கிணற்றில் நிற்கிறது. எங்கட ஆறு நிலத்துக்குக் கீழேதான். அந்தப் பிள்ளைக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

மதகடி:
அதைத்தானே அவளும் சொல்கிறாள். ரீலைக் கடைசி மட்டும் பார்த்தீர்களா? வழுக்கையாற்றில் தண்ணீர் மறித்து நின்றால் அக்கம்பக்கத்துக் கிணறு ஊறும், குப்பை அடைத்தால் வெள்ளம் வயலுக்குள் ஏறும் என்று 32ஆவது விநாடியில் சொல்கிறாள்.

அளவெட்டியான்:
முதல் வசனத்தில் 'ஒரே ஆறு' என்றதும் நிற்பாட்டிவிட்டேன்.

ஸ்காபரோ மாமா:
இங்கே கனடாவில் எங்கட பேரப்பிள்ளைகள் எல்லாம் அந்த வீடியோவைப் பகிர்ந்தார்கள். பெருமையாக இருக்கு. ஊரில் இருப்பவர்கள் ஏன் ஒரு சின்னப் பிள்ளையை இப்படி இழுத்து விழுத்துகிறீர்கள்? இதனால்தான் எங்கட சமூகம் முன்னேறவில்லை.

அளவெட்டியான்:
மாமா, ஆறு மாதம் ஹீற்றர் ஓடுகிற வீட்டிலிருந்து எங்களுக்குக் காலநிலை படிப்பிக்கிறீர்கள். சந்தோஷம். 83இல் போன உங்களுக்கு வழுக்கையாறு எந்தப் பக்கம் என்றாவது ஞாபகம் இருக்கா?

ஸ்காபரோ மாமா:
நான் போனது 87. வழுக்கியாறு என்பதுதான் சரியான பெயர். வழுக்கை என்றால் மொட்டைத் தலை.

சங்குவேலிச் சின்னவன்:
வழுக்கை என்றால் இளநீருக்குள் இருப்பதும்தான் மாமா. எங்கட அப்பு வழுக்கியாறு என்றுதான் சொல்வார். ஆனால் அவர் 'பஸ்'ஸை 'வசு' என்றும் சொல்வார்.

சுன்னாகக் கிணறு:
பெயரை விடுங்கோ. நான் ஒன்று சொல்கிறேன். எங்கட கிணற்றில் ஒரு நாள் காலமை வாளியைத் தூக்கினால் தண்ணீருக்கு மேலே மயில்தோகை நிறத்தில் எண்ணெய்ப் படலம். கழுவக் கழுவ வாளியில் மணம் போகவில்லை. அம்மா அதில் உலை வைக்கப் பயந்து, மூன்று வருஷம் பவுசர் தண்ணீர்தான். அப்போது நாங்கள் வீதியில் இறங்கிப் போராடினோம். பிறகு வழக்குப் போய், 2019இல் உச்ச நீதிமன்றம் சுன்னாகம் மின்நிலையத்தை நடத்திய கம்பனியை 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆள் வேண்டும், ஆய்வு வேண்டும், வழக்கு வேண்டும். ரீலால் கிணறு கழுவுப்படாது.

அளவெட்டியான்:
அப்படிச் சொல்லுங்கோ! இதைத்தான் நான் காலையிலிருந்து சொல்கிறேன்.

சுன்னாகக் கிணறு:
நீங்கள் காலையிலிருந்து ஆறு, வாய்க்கால் என்றுதான் சொல்கிறீர்கள். என்னை உங்கட பக்கம் சேர்க்காதேங்கோ. அந்த வாளியைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டது என்னுடைய தம்பி. அதுக்குப் பிறகுதான் எங்கட ஒழுங்கைக்குள் கமராவோடு ஆட்கள் வந்தார்கள். ரீல் போதாது என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மதகடி:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! 2020 ஜனவரியில் சுவிற்சர்லாந்தின் டாவோஸில் காலநிலைக்காகப் பேசும் ஐந்து பிள்ளைகள் நின்று எடுத்த படத்தில், உகண்டாவின் வனெசா நகாட்டேயை மட்டும் ஒரு பெரிய செய்தி நிறுவனம் வெட்டிவிட்டு வெளியிட்டது. படத்தில் இருந்த ஒரே கறுப்பினப் பிள்ளை. அவ ருவிற்றரில் கேட்டா, ஏன் என்னை வெட்டினீர்கள் என்று. உலகமே கேட்டது. நிறுவனம் படத்தை மாற்றி, மன்னிப்பும் கேட்டது. ஒரு போன் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அங்கே நின்றதே தெரிந்திருக்காது.

அளவெட்டியான்:
உகண்டாவில் ஆறு இருக்கிறது. விக்ரோறியா ஏரியிலிருந்து நைல் வெளிக்கிடுவதே அங்கேதான். அந்தப் பிள்ளை ஆறு என்றால் ஆறு.

மதகடி:
அண்ணை, உங்களுக்கு வருத்தம் ஆற்றில் இல்லை. போன மாரி பனம்விதை நடுகைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் விட்டீர்கள். அதைக் குழுவில் நான் எழுதிவிட்டேன். அன்று பிடித்த கோபம்.

அளவெட்டியான்:
அன்றைக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தேன். மருந்துத் துண்டின் படம் போடட்டோ? நீங்கள் நட்ட விதையில் எத்தனை முளைத்தது? போய்ப் பார்த்தீர்களா? நடும்போது படம் 60. முளைத்த படம் ஒன்றும் காணவில்லை.

சங்குவேலிச் சின்னவன்:
நான் போய்ப் பார்த்தேன். கொஞ்சம் முளைத்திருக்கு. மிச்சத்தை மாடு மேய்ந்துவிட்டது.

அளவெட்டியான்:
யாருடைய மாடு?

சங்குவேலிச் சின்னவன்:
அது எனக்குத் தெரியாது அண்ணை. ஆனால் ஒரு விசயம். நீங்கள் திட்டத் தொடங்கியதிலிருந்து எங்கட குழுக்களில் எல்லாரும் அந்த ரீலைத் தேடிப் பார்க்கிறார்கள். என்னுடைய மனுசிகூட 'அந்த வாய்க்கால் வீடியோ எங்கே' என்று கேட்டா.

அளவெட்டியான்:
உங்கட மனுசியே வாய்க்கால் என்கிறா. குறித்துக்கொள்ளுங்கோ.

ஸ்காபரோ மாமா:
வழுக்கியாறு நவாலியால் போவதில்லை, நவாலிக்கு வெளியால். எங்கட பெரியம்மா வீட்டு வயல் அங்கே இருந்தது.

மதகடி:
மாமா, நவாலியால்தான்.

சுன்னாகக் கிணறு:
அந்தப் பிள்ளை சனிக்கிழமை குப்பை அள்ள ஆட்கள் கேட்டிருக்கிறா. ரீலுக்குக் கீழே நேரமும் போட்டிருக்கு, காலமை ஆறரை. யார் வருகிறீர்கள்?

ஸ்காபரோ மாமா:
வெளியால் என்றால் வெளியால். காணி உறுதியே எங்களிட்ட இருக்கு. ஸ்கான் பண்ணிப் போடுகிறேன்.

அளவெட்டியான்:
போடுங்கோ மாமா, பார்ப்போம். அந்த உறுதியில் எல்லை எழுதும்போது 'ஆறு' என்று எழுதியிருக்கா, 'வாய்க்கால்' என்று எழுதியிருக்கா?