வீடு தூங்கிய பிறகு டியூப் ஆம்ப் வாசிப்பவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். என்னிடம் இருப்பது 50 வாட் கிட்டார் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்; டிரான்சிஸ்டருக்குப் பதில் உள்ளே வெற்றிடக் குழாய்கள், அதான் டியூப். மாஸ்டர் வால்யூம் (கடைசியில் மொத்தச் சத்தத்தை மட்டும் குறைக்கும் தனிக் குமிழ்) இல்லாத பழைய வகை சர்க்யூட், கீழே 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. வால்யூமை 6-க்குத் திருப்பினால் சொர்க்கம், ஆனால் ஜன்னல் கண்ணாடியும் கூடவே பாடும். 2-ல் வைத்தால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கும். இப்படியே சில வருஷம் ஓட்டினேன்.

முதலில் தோன்றிய யோசனை, வாட் குறைந்தால் சத்தமும் குறையும் என்பது. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் 5 வாட் காம்போ ஒன்று வாங்கினேன். பத்தில் ஒரு பங்கு பவர், பத்தில் ஒரு பங்கு சத்தம் என்று மனக்கணக்கு. காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. பவர் பத்தில் ஒன்றானால் இறங்குவது 10 டெசிபல்தான். கேட்பதற்கு ஏறக்குறைய பாதிச் சத்தம். கிட்டார் ஸ்பீக்கர்களோ ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தள்ளி 97, 100 டெசிபல் கத்தக்கூடியவை. 70 டெசிபலோடு நிறுத்த வேண்டுமென்றால், 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். 5 வாட்டை முழுசாகத் திறந்துவிட்டு ராத்திரியில் வாசிக்கலாம் என்று நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அட்டென்யூவேட்டர். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வருகிற பவரில் பெரும்பகுதியைச் சூடாக்கி விழுங்கிவிடும். 6 டெசிபல், 8 டெசிபல் குறைக்கிறவரை குறை சொல்ல எதுவும் இல்லை. 20-ஐத் தாண்டியதும் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி ஆகிவிட்டது. நான் வாங்கியது வெறும் ரெசிஸ்டர் வகை. ஸ்பீக்கரில் தடை 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓம் அல்ல. அடித்தொனியில் ஓர் இடத்தில் விறுவிறுவென்று ஏறும், உச்சத்தொனிக்குப் போகப்போக மறுபடி ஏறும். ஸ்பீக்கரை ஓட்டுகிற கடைசி டியூப், அதாவது பவர் டியூப், அந்த மேடு பள்ளத்தோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. ரெசிஸ்டரில் அந்த மேடு பள்ளமே கிடையாது. ரியாக்டிவ் லோடு வகைகள் அதையும் சேர்த்துக் கொடுக்கும். இருந்தாலும், ஸ்பீக்கர் காகிதம் அதிராத குறையை எந்தப் பெட்டியாலும் ஈடுகட்ட முடியாது.

கடைசியில் தகர டப்பாவுக்குக் காரணம் வேறெங்கோ இருந்தது. டியூப் மாற்றக் கொடுத்தபோது டெக்னீஷியன் ஆம்பைக் கவிழ்த்து, வால்யூம் பாட்டின் (குமிழோடு திரும்பும் ரெசிஸ்டர்) குறுக்கே இருந்த ஒரு குட்டி கெப்பாசிட்டரைக் காட்டினார். பிரைட் கேப். வால்யூமைக் குறைத்தால் மற்றதெல்லாம் இறங்கும், உச்சத்தொனி மட்டும் இதன் வழியாகத் தப்பித்துப் போய்விடும். வால்யூம் ஏற ஏற இதற்கு வேலை இல்லாமல் போகும். அதனால்தான் 6-ல் தேன், 2-ல் தகரம். இருந்தது 4700 பிக்கோஃபாரட். அதைக் கழற்றிவிட்டு 100 வைத்துக் கொடுத்தார். அன்று ராத்திரி 2-லேயே வைத்து ஒரு மணி நேரம் வாசித்தேன். பவர் டியூப் அழுத்தம் இல்லைதான், ஆனால் காது கூசவில்லை.

ஒன்று மட்டும்: இதை நீங்களே செய்யப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

*

அண்ணா, அட்டென்யூவேட்டர் என்று ஸ்பீக்கர் கேபிளில் கைவைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். புதிதில், லைன் அவுட்டிலிருந்து (வேறு கருவிக்கு ஒலி அனுப்பும் ஜாக்) ஹெட்ஃபோனில் கேட்கலாம், ஸ்பீக்கர் எதற்கு என்று கேபிளை உருவிவிட்டு வாசித்தேன். டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருந்தபோது அப்படித்தான் பழக்கம். பத்து நிமிஷம் போயிருக்கும், ஏதோ தீய்ந்த வாடை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயே போய்விட்டது. டியூப் ஆம்புக்கு எதிரே ஸ்பீக்கரோ லோடோ ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பதை இப்படித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது ஆன் செய்வதற்கு முன் பின்பக்கம் கையை விட்டு ஜாக்கைத் தடவிப் பார்க்காமல் ஸ்விட்சைத் தொடுவதில்லை.

*

எஃபெக்ட்ஸ் லூப் (பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் வெளிக் கருவி மாட்டும் ஜாக்குகள்) உள்ள ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு: ஒரு பாட், இரண்டு ஜாக், சின்னப் பெட்டி. லூப்பில் மாட்டினால் இன்னொரு மாஸ்டர் வால்யூம் கிடைத்த மாதிரி. என்னுடையதில் மாஸ்டரை மயிரிழை நகர்த்தினாலே சத்தம் குதிக்கும். இந்தப் பெட்டி வந்த பிறகு நிதானமாகத் திருப்ப முடிகிறது. டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, ஆம்பின் முன்பகுதியான பிரீஆம்பில் உருவாகிற ஆம்புக்குத்தான் இது உதவும். தலைப்பைத் தொடங்கியவருக்கு லூப்பே இருக்காது, மன்னிக்கவும்.

முதல் டியூபை 12ஏஎக்ஸ்7-லிருந்து 12ஏடி7-க்கு மாற்றியும் பார்த்தேன். பெருக்கம் 100-லிருந்து 60-க்கு இறங்கும் என்பதால் குமிழ் சாதுவாகிறது. ஆனால் விரலுக்குக் கீழே உயிர் இல்லாத மாதிரி இருந்தது. இரண்டே நாளில் பழையதையே செருகிவிட்டேன்.

*

எல்லாரும் ஆம்பையே நோண்டுகிறீர்கள். காதையும் கொஞ்சம் கவனியுங்கள். சத்தம் குறையும்போது காது அடித்தொனியைத்தான் முதலில் கைவிடும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வைத்துவிட்டார்கள். அதனால் ராத்திரிக்கென்று பேஸைத் தாராளமாக ஏற்றிக்கொள்கிறேன். அதே அமைப்போடு ஒத்திகைக்குப் போய், குமிழ்களைத் தொடாமல் முதல் கார்டை அடித்தபோது டிரம்மர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இன்னொன்று, உங்கள் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது? தரையில் என்றால் இத்தனை நாள் உங்கள் கணுக்காலுக்குத்தான் வாசித்திருக்கிறீர்கள். உச்சத்தொனி நேர்கோட்டில் போகும், நின்றால் காதுக்கு வராது.

*

தரையில்தான் இருந்தது. இப்போது ஸ்டூலில் ஏற்றி, காதுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். டிரெபிளை 7-லிருந்து 4-க்கு இறக்க வேண்டி வந்தது. வால்யூம் 2-கூட அதிகமாகத் தெரிகிறது.